இருபது மீட்டர் கம்பி

ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பையில் சுருட்டி எடுத்துச் செல்லும் ஆன்டெனாக்களில் மிக எளியது டைப்போல். நடுவில் துண்டித்த ஒரு கம்பி, துண்டித்த இடத்திலிருந்து ரேடியோவுக்கு இறங்கும் ஒரு கேபிள், இரு முனைகளிலும் மின்சாரம் கசியாமல் தடுக்கும் பீங்கான் குமிழ், அதற்கப்பால் மரத்திலோ மூங்கில் கழியிலோ கட்டும் கயிறு. அதன் உறுப்புகள் இவ்வளவுதான். கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதியைவிடச் சற்றுக் குறைவு. வெறும் கணக்குப்படி 150-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் பாதி அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். கம்பியின் முனைகளும் பருமனும் அதைக் கொஞ்சம் நீளமானதுபோல் நடக்கச் செய்வதால், கட்டுபவர்கள் 143-ஐ வகுக்கிறார்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர் வரும். ஒவ்வொரு பக்கமும் பத்து மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும்.

தருமபுரிக்கு வடமேற்கே பாப்பாரப்பட்டியில் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே கட்டினாலும், கடற்கரை மணலில் நட்ட கழியில் கட்டினாலும் இந்தக் கணக்கு ஒன்றே. மரத்தின் உயரம், மண்ணின் ஈரம், பக்கத்துத் தகரக் கூரை, கம்பியின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை ஆகியவை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்கும் ஊருக்கும் உள்ள அந்தச் சிறு வித்தியாசத்தை அளந்து கம்பியின் நீளத்தைத் திருத்துவதற்குத்தான் டியூன் செய்வது என்று பெயர்.

ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் மின்காந்த அலைகளை உண்டாக்கியபோது கையாண்டதும் நடுவில் துண்டித்த கம்பிதான். துண்டித்த இடத்தில் பொறி பறந்தது. எதிரே வைத்திருந்த கம்பி வளையத்தில் நுண்ணிய பொறி பதில் சொன்னது. அது ஆய்வகத்துக்குள் நின்ற கருவி. கம்பியை வெளியே எடுத்துவந்து, கிடைத்ததில் கட்டி, காற்றோடு மல்லுக்கட்டிய பெரிய முயற்சிகளில் ஒன்று மார்கோனியுடையது. 1901 டிசம்பர் 12 அன்று, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் குன்றில், ஏறக்குறைய 150 மீட்டர் கம்பியை ஒரு பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். முந்தைய நாள் ஏற்றிய பலூனைக் காற்று அடித்துக்கொண்டு போயிருந்தது. அன்று ஏற்றிய முதல் பட்டமும் போய்விட்டது. அடுத்த பட்டம் நின்றது, ஆனால் அசையாமல் நிற்கவில்லை. பட்டம் ஏறி இறங்க, கம்பிக்கும் தரைக்கும் உள்ள மின்கொள்ளளவு மாறிக்கொண்டே இருந்தது. ஒரே அலைநீளத்துக்கு இசைவித்து வைத்திருந்த வாங்கி அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, இசைவு எதுவும் வேண்டாத ஒரு பாதரசக் குழாயையும் தொலைபேசிக் காதுக்கருவியையும் வைத்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த சைகையைக் கேட்டதாக மார்கோனி அறிவித்தார். இரும்பும் பாதரசமும் கொண்ட அந்த வகைக் கருவியைத் தொலைபேசியோடு சேர்த்துப் பயன்படுத்துவதை, 1899-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரையில் கல்கத்தாவின் ஜெகதீஷ் சந்திர போஸ் விவரித்திருந்தார். ஆடும் கம்பியை டியூன் செய்ய முடியாது என்பது வானொலியின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்ட உண்மை.

பெரிய கம்பெனிகளும் கடற்படைகளும் நீண்ட அலைகளைத் தங்களுக்கு வைத்துக்கொண்டன. 1912-இல் அமெரிக்கச் சட்டம், பொழுதுபோக்காக வானொலி செய்பவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளியது. அந்த அலைகள் தூரம் போகாது என்பது அன்றைய நிபுணர்களின் நம்பிக்கை. 1921 டிசம்பரில் அந்த நம்பிக்கை உடைந்தது. பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, ஏறக்குறைய 400 மீட்டர் கம்பியைக் குட்டையான கம்பங்களில் தாழ்வாக இழுத்து, குளிரில் உட்கார்ந்து கேட்டார். அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து ஹாம்களின் மோர்ஸ் ஒலி வந்தது. கூடாரம், கம்பி, தாற்காலிகக் கம்பங்கள் என்று எல்லாமே எடுத்துச் சென்று நிறுவியவை. இன்று மலையுச்சியிலும் வயல்வெளியிலும் கம்பி கட்டுபவர்கள் செய்வது அதே வேலையைத்தான்.

அதே 1921-இல்தான் இந்தியாவின் முதல் ஹாம் உரிமம் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவுக்குக் கிடைத்தது. அவருடைய அழைப்புக்குறி 2ஜேகே. முகுல் போஸ் என்பவரும் அதே காலத்தில் 2எச்கியூ என்ற குறியோடு வந்தார். இரண்டாண்டு கழித்து, அதே கல்கத்தாவிலிருந்து தேசியத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் பாப்பாரப்பட்டிக்கு வந்து பாரத மாதா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆலயம் சுப்பிரமணிய சிவாவின் கனவு. வத்தலக்குண்டில் பிறந்து, வ.உ.சி.யோடு 1908-இல் சிறைப்பட்டு, சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, கடைசியில் இந்த ஊரை ஆசிரமமாகத் தேர்ந்துகொண்டவர் அவர். 1923-இல் அந்த அடிக்கல் விழாச் செய்தி ஊர் தாண்டிப் போக இருந்த வழிகள் தபாலும் தந்தியும் அச்சுப் பத்திரிகையும். அதே ஆண்டு நவம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரத்து லியோன் டெலோய், அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லோடு சுமார் 110 மீட்டர் அலையில் இருவழியாகப் பேசி, ஹாம்களின் முதல் அட்லாண்டிக் உரையாடலை நடத்திவிட்டார். 1925 ஜூனில் தாஸும், ஜூலை 23-இல் பாப்பாரப்பட்டியிலேயே சிவாவும் இறந்தார்கள்.

சென்னையில் வானொலி ஒலித்ததும் ஆர்வலர்களால்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 முதல் கிளப் ஒலிபரப்பியது. பணமுடையால் 1927-இல் நின்றுபோனது; கருவி மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பு நடந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் வந்தன. தமிழ்நாட்டு வீடுகளில் ஏரியல் என்ற சொல் பழகியது இந்தக் காலத்தில். இரண்டு கழிகளுக்கு நடுவே மொட்டைமாடியில் இழுத்த செம்புக் கம்பியும், பின்னாளில் பரண் ஓரமாகக் கட்டிய பட்டையான வலைக் கம்பியும் அந்தச் சொல்லுக்கு உருவம் தந்தன.

1933-இன் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம், ரேடியோப் பெட்டியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்றது. 1939-இல் போர் தொடங்கியதும் ஹாம் உரிமங்கள் ரத்தாயின. டிரான்ஸ்மிட்டர்களைப் போலீஸிடம் ஒப்படைக்க உத்தரவு வந்தது. இந்தியாவில் கம்பியை வானில் கட்டிப் பேசுவது குற்றமாகிப்போன அந்த ஆண்டுகளில்தான், அதன் வரலாற்றின் துணிச்சலான அத்தியாயம் பம்பாயில் நடந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோ என்ற தலைமறைவு நிலையத்தை 1942 ஆகஸ்ட் 27 முதல் நடத்தினார்கள். நவம்பர் 12-இல் பிடிபடும்வரை நிலையம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு புது இடத்திலும் ஆன்டெனாவைப் புதிதாக நிறுவி, கருவியை அதற்கு இசைவித்தாக வேண்டும். பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கலாம். கம்பி வானத்தைப் பார்த்தே தீரும். போலீஸின் கண்ணுக்கும் அலையின் திசை காணும் கருவிக்கும் ஒருசேரத் தப்ப வேண்டிய வேலை அது.

அவர்கள் அறிவித்த அலைநீளம் 42.34 மீட்டர். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் 7.08 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. இன்றைய இந்திய ஹாம்களுக்கு உரிமையான 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 வரை, காங்கிரஸ் ரேடியோவின் அலை அதற்குள்ளேயே விழுகிறது. அதற்கு இசைந்த அரையலை டைப்போலின் நீளம் 20.2 மீட்டர். பாப்பாரப்பட்டியில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கென்று கட்டும் கம்பிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நாலு விரல்கடைக்குள் அடங்கும். விடுதலைக்குச் சிறை சென்றவரின் நினைவைத் தாங்கும் ஊரில் இந்தப் பொருத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது.

போர் முடிந்து உரிமங்கள் திரும்பின. 1948 மே 15-இல் மோவ் ராணுவ சிக்னல் பள்ளியில் தொடங்கிய இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப், பிறகு இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கமாக வளர்ந்தது. அழைப்புக்குறிகள் வி.யு.2 என்று தொடங்கின. 1978-இன் விதிகள் தேர்வெழுதி உரிமம் பெறும் வழியை வகுத்தன. ஆனால் கருவிக்கு வழியில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் வெளிநாட்டு ரேடியோவை எட்டாத உயரத்தில் வைத்தன. போரில் மிஞ்சி ஏலத்துக்கு வந்த ராணுவப் பெட்டிகளையும், வால்வுகளை வைத்துச் சொந்தக் கையால் பூட்டிய டிரான்ஸ்மிட்டர்களையும் கொண்டே ஒரு தலைமுறை பேசியது. 2000-களின் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் சிறு டிரான்ஸீவர், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு செய்யக்கூடியதாக இருந்தது உலகம் முழுவதும் அதன் பேர் பரவக் காரணம்.

பெட்டிக்குத் தவமிருந்த அந்தக் காலத்திலும் ஆன்டெனாவுக்கு யாரும் தவமிருக்கவில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் பூசிய செம்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். வீட்டு வயரிங் ஒயரின் ஒரு சுருளை வாங்கினால் நாலு பேண்டுக்குக் கட்டலாம். பீங்கான் குமிழ் இல்லாவிட்டால் பி.வி.சி. குழாய்த் துண்டில் இரண்டு துளை போட்டால் போதும். ரேடியோக்களின் வெளியீடு 50 ஓம் கேபிளுக்கென்று அமைந்தது; சென்னை ரிச்சி தெருவில் அந்தக் கேபிள் கிடைக்கும். தரையிலிருந்து விலகி உயரே நிற்கும் டைப்போலின் நடு மின்தடையோ ஏறக்குறைய 73 ஓம். கேபிள் டி.வி.க்காரர் மிச்சம் விட்டுச்செல்லும் கேபிள் 75 ஓம். தெருமுனையில் கிடக்கும் அந்தக் கேபிள் இந்த ஆன்டெனாவோடு நன்றாகவே பொருந்துவது ஏழை ஹாமுக்குக் கிடைத்த வரம். டைப்போலோடு வேறு வடிவங்களும் வந்தன. ஜெப்பலின் ஆகாயக் கப்பல்களிலிருந்து தொங்கவிட்ட, ஒரு முனையில் மின்சாரம் ஊட்டும் கம்பி 1909-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது. லோரன் விண்டம் 1929-இல் விவரித்த, நடுவிலிருந்து தள்ளி ஊட்டும் கம்பி அவர் பேராலேயே வழங்குகிறது. இங்கிலாந்தின் லூயி வார்னி 1946-இல் வடிவமைத்த 102 அடிக் கம்பிக்கு அவருடைய அழைப்புக்குறியான ஜி5ஆர்வி என்பதே பெயராக நின்றது. ஒரே கம்பியில் பல பேண்டுகள் வேண்டும் என்ற ஆசையால் ஹாம்கள் இவற்றையெல்லாம் கையாண்டார்கள். டியூன் செய்யக் கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது இன்னும் டைப்போல்தான். அதில் தவறு எங்கே என்று கம்பியே காட்டிக்கொடுக்கும்.

கட்டும் முறை மரத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. தருமபுரிப் பக்கத்தில் சாலையோரமும் வரப்போரமும் நிற்கும் புளியமரங்களில் பரந்த கவைகள் உண்டு. கயிறு சிக்காமல் நழுவி உட்காரும். உண்டிவில்லில் ஈயக்குண்டு வைத்து, அதோடு தூண்டில் நரம்பைக் கட்டிக் கிளைக்கு மேலே எய்கிறார்கள். நரம்பின் வாலில் மெல்லிய நைலான் கயிறு, கயிற்றின் வாலில் குமிழும் கம்பியும் ஏறும். தென்னையில் கட்டினால் காற்றுக்கு மரம் ஆடும். இழுத்துக் கட்டிய கம்பி அறுந்துபோகும். அதனால் ஒரு முனையில் கப்பி வைத்து, கயிற்றின் மறுதலையில் கல்லைத் தொங்கவிடுவது பழைய வழக்கம்; மரம் ஆட ஆடக் கல் ஏறி இறங்க, கம்பி ஒரே இழுவையில் நிற்கும். சிக்னல் குன்றில் பட்டம் தராத நிலைத்தன்மையை ஒரு கல் தந்துவிடுகிறது.

ஒரே ஒரு உயரமான தாங்கல்தான் கிடைக்கும் என்றால், நடுவை அதில் ஏற்றி இரு பக்கங்களையும் சரிவாக இறக்கிக் கூரை முகடுபோல் கட்டுவார்கள். அந்த வடிவத்தில் நடு மின்தடை 50 ஓமை நெருங்கி வரும். இரு பக்கத்துக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. முனைகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கவே கூடாது. ஒலிபரப்பும்போது கம்பியின் நடுவில் மின்னோட்டமும் முனைகளில் மின்னழுத்தமும் உச்சத்தில் இருக்கும். தொட்டால் தோல் வெந்துவிடும். ஆடு மேய்க்கும் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வருபவர்களும் நடமாடும் இடத்தில் இது முதல் கவலை. இதைவிடப் பெரிய ஆபத்து மின்வாரியக் கம்பி. அதன் மேலோ கீழோ பக்கத்திலோ ஏரியலைக் கொண்டுபோகக் கூடாது. அறுந்து விழுந்தால் எங்கே விழும் என்று பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும். கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் திரும்பி ஓடி ரேடியோவுக்கு வராமலிருக்க, நடுவில் இணையும் இடத்துக்குக் கீழே கேபிளையே சாண் அகல வளையமாகப் பத்துச் சுற்று சுற்றிக் கட்டிவிடுவார்கள்.

டியூன் செய்யும் கருவிகள் மாறிவந்த கதை தனியே சொல்லத் தக்கது. முதல் ஹாம்களிடம் இருந்தது டார்ச் லைட் பல்பு. கம்பியின் வழியில் பல்பைத் தொடுத்து, அது மிகப் பிரகாசமாக எரியும் இடத்தைத் தேடுவார்கள். அதிக மின்னோட்டம் என்றால் கம்பி இசைந்துவிட்டது. எளிய வழி, ஆனால் கேபிளில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைப் பல்பு சொல்லாது. 1956-இல் அமெரிக்க ஹாம் இதழ் கியூஎஸ்டி வெளியிட்ட மோனிமேட்ச் என்ற எளிய மீட்டர், போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரித்துக் காட்டியது. எஸ்.டபிள்யூ.ஆர். என்ற எண் ஹாம்களின் அன்றாடப் பேச்சானது அதன் பிறகுதான். எண் 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் அனுப்பிய ஆற்றலில் நூற்றுக்கு 4 திரும்புகிறது, 2 என்றால் 11, 3 என்றால் 25. இரண்டுக்குக் கீழே வந்தாலே பேச்சு நன்றாக நடக்கும். ஒன்றைத் தொட வேண்டும் என்று பொழுதெல்லாம் கம்பியை வெட்டுவது வீண்.

வேலை இப்படி நடக்கும். கணக்குக்கு மேலே கொஞ்சம் விட்டு 20.6 மீட்டருக்குக் கட்டி மேலே ஏற்றுகிறார்கள். பேண்டின் கீழ்நுனியிலிருந்து மேல்நுனிவரை பல அதிர்வெண்களில் மிகக் குறைந்த ஆற்றலில் எஸ்.டபிள்யூ.ஆர். பார்க்கிறார்கள். கீழே போகப்போக எண் குறைந்துகொண்டே வந்தால் கம்பி நீளம். மேலே போகப்போகக் குறைந்தால் குட்டை. இந்தக் கம்பியின் இசைவு 6.94 மெகாஹெர்ட்ஸில் இருப்பது கருவியில் தெரிகிறது என்று கொள்வோம். 20.6-ஐ 6.94-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 20.14, குறைக்க வேண்டியது 46 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 23. இரு பக்கமும் சமமாகக் குறைக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் வெட்டுவதில்லை. முனையை மடித்து, கம்பியின் மேலேயே முறுக்கிவிடுவார்கள். அடுத்த ஊரில் மரம் தாழ்ந்திருந்தாலோ மண் ஈரமாக இருந்தாலோ அந்த 23 சென்டிமீட்டரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கலாம். பிளாஸ்டிக் உறையுள்ள ஒயர் வெறும் கம்பியைவிட நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்துவரை குட்டையாக வேண்டியிருக்கும். தரையில் கிடத்தி அளந்த அளவு உதவாது. ஏற்ற உயரத்தில்தான் அளக்க வேண்டும். ஏற்றி இறக்கி ஏற்றும் இந்தச் சலிப்பு வேலை பல்பு காலத்திலிருந்து மாறவில்லை. மாறியது வேகம். உள்ளங்கையில் அடங்கும் நானோ வி.என்.ஏ. என்ற அளவுக்கருவி பரவிய பிறகு, ஒலிபரப்பாமலேயே பேண்ட் முழுவதற்கும் வளைகோடு திரையில் வரையப்பட்டுவிடுகிறது.

இப்படி இசைந்த கம்பி எட்டு மீட்டர் உயரத்தில் நின்றால் எங்கே பேசும்? 40 மீட்டர் அலைக்கு அந்த உயரம் தாழ்வு. அலையில் பெரும்பங்கு நெட்டுக்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோல் சுற்றிலும் இறங்கும். பாப்பாரப்பட்டிக்கு மேற்கே ஒகேனக்கல் பக்கத்து மலைகளும் காடுகளும் நேர்கோட்டில் போகும் அலையை மறிக்கும். மேலிருந்து இறங்கும் அலைக்கு மலை தடையில்லை. 260 கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னையும் மதுரையும் பகலிலேயே கேட்கும். 600 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள கொழும்பும் எட்டும். தென்னிந்தியாவுக்கு இதில் ஒரு தனிச் சாதகம் உண்டு. காந்த நடுக்கோடு குமரிமுனைக்கு அருகில் போவதால், இங்கே பகலில் தலைக்கு மேலே உள்ள அயனி மண்டலம் அடர்த்தி மிக்கது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேர் மேலே அனுப்பினாலும் பெரும்பாலான நாட்களில் திருப்பி அனுப்பிவிடும். வடக்கு ஐரோப்பாவில் அது பல நாட்களில் நடக்காது. கொடைக்கானல் ஆய்வகம் 1950-களிலிருந்து இந்த மண்டலத்தை அளந்துவந்ததும், 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியதும் இந்தக் காந்த நடுக்கோட்டின் பொருட்டே.

எடுத்துச் செல்லும் ஆன்டெனாவின் அருமையை நாடு முழுவதும் கண்டது 2004-இல். டெல்லியின் பாரதி பிரசாத், பல ஆண்டுகளாக ஹாம் ஒலி எழாதிருந்த அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேச, டிசம்பர் தொடக்கத்தில் தோழர்களோடு போர்ட் பிளேரில் ஒரு ஓட்டலில் நிலையம் நிறுவியிருந்தார். அழைப்புக்குறி வி.யு.4ஆர்பிஐ. டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கி ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசி செத்துப்போனது. விளையாட்டுக்கென்று கொண்டுபோன கருவியும் ஆன்டெனாவும் அன்று முதல் உறவினரைத் தேடுபவர்களின் செய்திகளைப் பெருநிலத்துக்குச் சுமந்தன. போர்ட் பிளேர் பாப்பாரப்பட்டியிலிருந்து ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஹாம்கள் பெரும்பாலும் நாடுவது 20 மீட்டர் பேண்டை. அதற்கான டைப்போல் இரு பக்கமும் சேர்ந்து பத்தே மீட்டர். கிழக்கு நோக்கிப் பேச வேண்டுமானால் கம்பியை வடக்குத் தெற்காக இழுத்துக் கட்ட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் இடி முழக்கத்தோடு வரும் கோடை மழைக்கு முன்னே கம்பியை இறக்கிவிட வேண்டும். கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். கம்பியை வட்டமாகச் சுருட்டினால் அடுத்த முறை சிக்கு விழும். ஒரு பலகையில் எட்டு வடிவமாகச் சுற்றுவது வழக்கம். மடித்து முறுக்கிய இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு, எந்த ஊர், எவ்வளவு உயரம், எந்த அதிர்வெண்ணில் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள்.